இசியூ, இசிஎம், டிசிஎம்: கார் கன்ட்ரோல் மாட்யூல் பெயர்க் குழப்பங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசியூவும் இசிஎம்மும் ஒன்றுதானா?

பேச்சில் பெரும்பாலும் ஒன்றுதான். ஆவணங்களில் அப்படி இல்லை. இசிஎம் என்பது இன்ஜின் கன்ட்ரோல் மாட்யூல், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி; அது இன்ஜினை மட்டும் குறிக்கும். இசியூவுக்கோ இரண்டு விரிவுகள் உண்டு: இன்ஜின் கன்ட்ரோல் யூனிட், எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினோடு நின்றிருந்த காலத்தில் இரண்டும் ஒரே பெட்டியைக் குறித்ததால் சிக்கல் எழவில்லை. பிறகு பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங், கதவு, ஏசி என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வந்தது. இன்று அவை எல்லாமே இசியூக்கள்தான்.

எனவே பட்டறையில் “இசியூ போய்விட்டது” என்று சொன்னால் இன்ஜின் பெட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். வயரிங் படத்திலோ நெட்வொர்க் விளக்கத்திலோ “இசியூ” என்று வந்தால் அது எந்தப் பெட்டியாகவும் இருக்கலாம். பாகம் வாங்கும்போது “எந்த இசியூ?” என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பவர்ட்ரெய்ன் கன்ட்ரோல் மாட்யூல் என்பது தனியான இன்னொரு பெட்டியா?

இல்லை. இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஒரே பெட்டி கவனித்தால் அதற்குப் பவர்ட்ரெய்ன் மாட்யூல் என்று பெயர். இன்ஜின் மாட்யூல், கியர்பாக்ஸ் மாட்யூல், பவர்ட்ரெய்ன் மாட்யூல் என்று மூன்று பெட்டிகளையும் ஒரே காரில் தேடுவது வீண் வேலை. ஒன்று, முதல் இரண்டும் தனித்தனியாக இருக்கும். அல்லது மூன்றாவது மட்டும் இருக்கும்.

ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஹோண்டாவில் ஒரே மாடலின் மேனுவல் கியர் வண்டிக்கு இசிஎம் என்றும், ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பவர்ட்ரெய்ன் மாட்யூல் என்றும் எழுதும் வழக்கம் உண்டு. ஃபோர்டு மேனுவல் கியர் வண்டியின் இன்ஜின் பெட்டியையும் பவர்ட்ரெய்ன் மாட்யூல் என்றே அழைக்கிறது. அங்கே அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு “கியர்பாக்ஸும் இதில்தான் ஓடுகிறது” என்று நினைத்தால் தவறாகிவிடும்.

மாட்யூல்களோடு பேசும் சோதனைக் கருவியான ஸ்கேனரில் எல்லா மாட்யூல்களையும் தேடச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் என்று தனி வரி வந்தால் தனி மாட்யூல் இருக்கிறது. வண்டியின் சோதனைச் சாக்கெட்டில் மாட்டும் சாதாரண ஓபிடி ரீடரில், பதில் வந்த முகவரியைப் பாருங்கள். மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் கேன் நெட்வொர்க் உள்ள வண்டிகளில் வழக்கமாக 7இ8 இன்ஜினுக்கு, 7இ9 கியர்பாக்ஸுக்கு. ஆட்டோமேட்டிக் வண்டியில் 7இ8 மட்டும் பதில் தந்தால் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடும், அல்லது கியர்பாக்ஸ் மாட்யூலே பேசாமல் இருக்கக்கூடும். எது என்பதை வயரிங் படம்தான் உறுதிப்படுத்தும்.

பி0700 என்ற கோடு (ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடு) வந்தால் இன்ஜின் மாட்யூலில் கோளாறா?

இல்லை. “எச்சரிக்கை விளக்கை எரிய விடு” என்று கியர்பாக்ஸ் மாட்யூல் இன்ஜின் மாட்யூலிடம் கேட்டது என்பதற்கு மேல் இந்தக் கோடு எதையும் சொல்வதில்லை. உண்மையான கோடு கியர்பாக்ஸ் மாட்யூலுக்குள் இருக்கிறது. அதைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். மலிவான ரீடர் பி0700ஐ மட்டும் காட்டிவிட்டு நிற்கும். அதை வைத்து எந்தப் பெட்டியையும் மாற்றக் கூடாது.

“பிசிஎம்” என்று எழுதினால் எந்தப் பெட்டி?

இந்தச் சிக்கல் தமிழ் எழுத்தில்தான் வருகிறது. பவர்ட்ரெய்ன் கன்ட்ரோல் மாட்யூலின் சுருக்கமும் பாடி கன்ட்ரோல் மாட்யூலின் சுருக்கமும் தமிழில் ஒரே மாதிரி “பிசிஎம்” என்றே வருகின்றன. ஒன்று இன்ஜினை ஓட்டுவது, மற்றது விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டைப் பார்ப்பது. வேலைச் சீட்டிலோ குறுஞ்செய்தியிலோ “பிசிஎம் மாற்ற வேண்டும்” என்று எழுதினால் தவறான பெட்டி வந்து சேர எல்லா வாய்ப்பும் உண்டு. டிசிஎம்முக்கும் இதே கதை: கியர்பாக்ஸ் மாட்யூலும் கதவு மாட்யூலும் அந்த எழுத்துகளிலேயே வரும்.

கோடுகளிலும் கவனம் தேவை. முதல் எழுத்து பவர்ட்ரெய்ன், பாடி, சேசிஸ், நெட்வொர்க் என்ற நான்கில் ஒன்றைக் குறிக்கிறது. முதல் இரண்டும் தமிழில் “பி” ஆகிவிடும். எனவே சீட்டில் “இன்ஜின் பெட்டி”, “பாடி பெட்டி”, “கியர்பாக்ஸ் பெட்டி” என்று முழுதாக எழுதுங்கள். கோடு உள்ள ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் வரும் “பி” கோடுகள் அனைத்தும் பவர்ட்ரெய்ன் வரிசை.

கம்பெனிக்குக் கம்பெனி ஏன் வேறு வேறு பெயர்?

பெயர்களை ஒழுங்குபடுத்த எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு ஜே1930 என்ற தரத்தை வெளியிட்டது. இசிஎம், பவர்ட்ரெய்ன் மாட்யூல் போன்ற சொற்கள் பரவலானது அதன் வழியாகத்தான். ஆனால் அந்தத் தரம் முக்கியமாகப் புகை மாசு தொடர்பான பாகங்களையும் அவற்றின் ஆவணங்களையும் பற்றியது. மற்றவற்றில் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரையே வைத்துக்கொண்டது.

பிஎம்டபிள்யூவில் பெட்ரோல் இன்ஜின் பெட்டி டிஎம்இ, டீசலுக்கு டிடிஇ, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இஜிஎஸ். போர்ஷேவிலும் இன்ஜின் பெட்டி டிஎம்இதான். மெர்சிடிஸில் “சாம்” என்று வருவது ஃப்யூஸ்களோடு சேர்ந்த பாடி பெட்டி வகை. நிசானின் ஐபிடிஎம், கிரைஸ்லரின் டிப்பம் இரண்டும் இன்ஜின் அறையில் இருக்கும் மின்பகிர்வுப் பெட்டிகள். பார்வைக்கு வெறும் ஃப்யூஸ் பாக்ஸ், உள்ளே மாட்யூல். ஃபோர்டின் பழைய வண்டிகளில் “ஜெம்” என்பது பாடி மாட்யூல் செய்யும் வேலையைச் செய்தது.

ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் பெயரை விட எண்ணே பயன்படும். வயரிங் படத்தில் இன்ஜின் பெட்டி ஜே623, பழைய பெட்ரோல் வண்டிகளில் ஜே220. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஜே217, ஏபிஎஸ் ஜே104, ஏர்பேக் ஜே234, பாடி மின்சாரம் ஜே519, நெட்வொர்க்குகளை இணைக்கும் கேட்வே ஜே533. ஸ்கேனரிலோ வேறு எண் வரிசை: 01 இன்ஜின், 02 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 03 பிரேக், 09 பாடி மின்சாரம், 15 ஏர்பேக், 17 மீட்டர், 19 கேட்வே. இந்த இரண்டு வரிசைகளையும் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் அந்த வண்டிகளில் பெயர்க் குழப்பமே வராது.

மோட்ரானிக், இடிசி17 என்பவை மாட்யூலின் பெயர்களா?

அவை பெட்டியைத் தயாரிக்கும் கம்பெனி தன் சிஸ்டம் குடும்பத்துக்கு வைத்த பெயர்கள். மோட்ரானிக் என்பது எரிபொருள் உட்செலுத்தலையும் இக்னிஷனையும் ஒரே பெட்டியில் சேர்த்த, பாஷ் கம்பெனியின் சிஸ்டம். 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. இடிசி என்பது எலக்ட்ரானிக் டீசல் கன்ட்ரோல். இந்தப் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு பெட்டிகள் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடாது. ஒரே குடும்பத்தில் பல கார் கம்பெனிகளுக்கான, கனெக்டர் பின் அமைப்பே வேறான பெட்டிகள் உண்டு. ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேரைத் திருத்தி எழுதுவது) செய்பவருக்கு இந்தப் பெயர் தேவை. பாகம் வாங்குபவருக்கு லேபிளில் உள்ள எண் தேவை.

லேபிளில் இத்தனை எண்கள் இருக்கின்றன. எது முக்கியம்?

பொதுவாக ஒரு லேபிளில் கார் கம்பெனியின் பாக எண், தயாரிப்பாளரின் எண், ஹார்டுவேர் எண், சில வேளை சாஃப்ட்வேர் எண், தேதி, வரிசை எண் ஆகியவை இருக்கும். முதலில் பார்க்க வேண்டியவை முதல் இரண்டும்.

பாஷ் எண் 0 261 என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜின் சம்பந்தப்பட்டது. 0 281 டீசல். 0 265 ஏபிஎஸ். டொயோட்டாவில் 89661 என்று தொடங்குவது இன்ஜின் பெட்டி. அதே லேபிளில் தயாரிப்பாளரான டென்ஸோவின் எண் தனியாக இருக்கும். கடையில் கேட்க வேண்டியது 89661 எண். ஃபோக்ஸ்வாகன் எண்ணின் நடுவில் 906 வந்தால் பெரும்பாலும் இன்ஜின் பக்கம், 927 வந்தால் கியர்பாக்ஸ்; 907 இன்ஜின் பெட்டியிலும் வேறு பெட்டிகளிலும் வரும். விற்பவர் என்ன பெயர் சொன்னாலும் இந்த எண்கள் உண்மையைச் சொல்லிவிடும்.

கடைசி எழுத்துகளை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே எண்ணின் முடிவில் வரும் எழுத்து மாற்றம் சில கம்பெனிகளில் சாஃப்ட்வேர் திருத்தத்தை மட்டும் குறிக்கும், சிலவற்றில் ஹார்டுவேரே வேறு என்று பொருள். கம்பெனியின் பாகப் பட்டியலில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்து, எந்த எண் எதற்கு மாற்றாக வந்தது என்று உறுதி செய்வதே வழி.

இன்னொன்று: லேபிள் சொல்வது தொழிற்சாலையை விட்டுப் போனபோது இருந்த நிலை. உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் பிறகு மாறியிருக்கலாம். ஸ்கேனரில் ஓபிடி சர்வீஸ் 09ஐத் திறந்தால் வண்டியின் 17 எழுத்துச் சேசிஸ் எண், சாஃப்ட்வேர் பதிப்பைச் சொல்லும் கேலிப்ரேஷன் ஐடி, அதன் சரிபார்ப்பு எண் ஆகியவை வரும். பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பே இவற்றைக் குறித்து வையுங்கள். பெட்டி முழுதும் செத்துவிட்டால் பிறகு படிக்க முடியாது. அங்கே வரும் சேசிஸ் எண் வண்டியில் அடித்த எண்ணோடு பொருந்தவில்லை என்றால், யாரோ ஏற்கெனவே பெட்டியை மாற்றியிருக்கிறார்கள்.

“மாட்யூல்” என்று பெயர் இருக்கிறது. அது கம்ப்யூட்டரா?

எப்போதும் இல்லை. இக்னிஷன் மாட்யூல் என்பது பல பழைய வண்டிகளில் காயிலுக்கு மின்னோட்டத்தை வெட்டிவிடும் டிரான்சிஸ்டர் பெட்டி மட்டுமே. குளோ ப்ளக் மாட்யூல், ஃப்யூயல் பம்ப் டிரைவர் மாட்யூல் ஆகியவை இன்ஜின் பெட்டி சொல்வதைச் செய்பவை. ஃப்யூயல் பம்ப் மாட்யூல் என்றால் அது டேங்குக்குள் இருக்கும் பம்ப், மிதவை, வடிகட்டி சேர்ந்த தொகுதி. டிரைவர் என்ற ஒரு சொல் விடுபட்டால் பொருளே மாறிவிடுகிறது.

“இசிஎம் ரிலே”, “மெயின் ரிலே”, “இஎஃப்ஐ ரிலே” மூன்றும் பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்பவை: இன்ஜின் பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பவை. இந்த ரிலே போனால் ஸ்கேனரில் இன்ஜின் பெட்டி பேசாது, பல வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு இக்னிஷன் ஆனில்கூட எரியாது. பார்ப்பதற்குப் பெட்டி போனது போலவே இருக்கும். விலை குறைந்த ரிலேயை முதலில் மாற்றிப் பாருங்கள்.

யு0100 வந்தால் இன்ஜின் பெட்டி போய்விட்டது என்று பொருளா?

இந்தக் கோட்டால் பல பெட்டிகள் வீணாக மாற்றப்படுகின்றன. யு0100 சொல்வது “இன்ஜின் பெட்டியோடு எனக்குத் தொடர்பு அறுந்தது” என்பது. அதைச் சொல்வது இன்ஜின் பெட்டி அல்ல, வேறொரு மாட்யூல். அதேபோல் யு0101 கியர்பாக்ஸ், யு0121 ஏபிஎஸ், யு0140 பாடி மாட்யூல், யு0151 ஏர்பேக், யு0155 மீட்டர். ஒவ்வொன்றிலும் கோட்டில் பெயர் வந்த பெட்டி, காணாமல் போன பெட்டி. பேட்டரி இறங்கிப்போய் ஸ்டார்ட் செய்ய முயன்றாலும் இவை வரும். அப்படியானால் பேட்டரியைச் சரிசெய்து, அழித்துவிட்டு மீண்டும் வருகிறதா என்று பாருங்கள்.

மீண்டும் வந்தால் வரிசை இது. எத்தனை மாட்யூல்கள் ஒரே பெட்டியைக் குறை சொல்கின்றன என்று எண்ணுங்கள். எல்லாமே ஒன்றைச் சொன்னால் அந்தப் பெட்டி அல்லது அதற்குப் போகும் வயர். ஒன்று மட்டும் சொன்னால் குறை சொல்பவரிடம்தான் சந்தேகம். எல்லாரும் எல்லாரையும் சொன்னால் நெட்வொர்க் வயரே ஷார்ட். அடுத்து அந்தப் பெட்டிக்கு ஃப்யூஸ், ரிலே, எர்த்.

பிறகு கேன் வயர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மாட்யூல்கள் தூங்கும்வரை சில நிமிடம் விட்டு, 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 6க்கும் 14க்கும் இடையே ஓம் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சுமார் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது: வயர் அறுந்திருக்கலாம் அல்லது ரெசிஸ்டர் உள்ள பெட்டியின் கனெக்டர் கழன்றிருக்கலாம். 0க்கு அருகில் வந்தால் இரண்டு வயர்களும் ஒட்டிக்கொண்டன. அப்போது மாட்யூல்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு திரும்புகிறதோ அங்கே கோளாறு. கேட்வே உள்ள வண்டியில் மட்டும் எச்சரிக்கை: ஓபிடி சாக்கெட் கேட்வே வரைக்கும்தான் போகும், அங்கே 60 வந்தால் உள்ளே உள்ள நெட்வொர்க் நலம் என்று ஆகாது. கேட்வேயின் மறுபக்கத்தில் அளக்க வேண்டும்.

பேட்டரியை மாட்டி இக்னிஷன் போட்டபின் 6ஆம் பின்னில் 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலும், 14ஆம் பின்னில் சற்றுக் கீழும் காட்டினால் நெட்வொர்க் உயிரோடு இருக்கிறது.

பி0601 முதல் பி0606 வரை எல்லாமே “பெட்டி மாற்று” கோடுகளா?

ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றல்ல. பி0602 என்றால் பெட்டியில் ப்ரோக்ராமிங் முடியவில்லை; புதிய பெட்டியை அப்படியே மாட்டினால் வருவது. ஹார்டுவேர் நன்றாகவே இருக்கும். பி0603 என்பது பேட்டரி துண்டிக்கப்பட்டதால், அதன் மின்சாரத்தில் உயிரோடிருக்கும் நினைவு அழிந்ததற்கும் வரும். நிரந்தர மின்சாரம் வரும் பின்னை முதலில் பாருங்கள். பி0601 நினைவகச் சரிபார்ப்புத் தவறு. பாதியில் நின்ற ஃப்ளாஷ் (சாஃப்ட்வேர் எழுதுதல்), சரியாக முடிக்காத ரீமேப் ஆகியவற்றால் வந்தால் மீண்டும் சரியான ஃபைலை எழுதினால் போதும். பி0604, பி0605, பி0606 மூன்றும் முறையே ராம் என்ற தற்காலிக நினைவகம், ராம் அல்லாத நிலையான நினைவகம், ப்ராசஸர். மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும் இவை திரும்பத் திரும்ப வந்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டி உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

எர்த்தை ஓம் மீட்டரால் சோதிக்காதீர்கள். ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்ல அளவே காட்டும். இக்னிஷன் ஆனில், முடிந்தால் இன்ஜின் ஓடும்போது, பெட்டியின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. எர்த் போல்ட்டில் துரு, பெயின்ட் மேல் வைத்து இறுக்கியது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

அடுத்து 5 வோல்ட். த்ராட்டில், பிரஷர் சென்சார்கள், ஆக்சிலரேட்டர் பெடல் ஆகியவற்றுக்குப் பெட்டியே 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த லைன் முழுதும் விழுந்துவிடும். அப்போது சம்பந்தமில்லாத பல சென்சார் கோடுகள் ஒரே நேரத்தில் வரும், சில வண்டிகளில் ஸ்டார்ட்டே ஆகாது, “கம்ப்யூட்டர் போச்சு” என்ற தீர்ப்பும் வந்துவிடும். சென்சார் கனெக்டரில் 5 வோல்ட் இல்லை என்றால் அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் கோளாறு அந்தச் சென்சாரில். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் வயரை எர்த்துக்குச் சோதித்துவிட்டுத்தான் பெட்டிக்கு வர வேண்டும்.

கடைசியாகக் கனெக்டரைப் பார்வையிடுங்கள். பச்சை பூத்த பின், வயர் வழியாக ஏறிவந்த எண்ணெய், ஈரத் தடம் ஆகியவை கிடைத்தால், அவை எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிக்காமல் புதிய பெட்டி போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

ரீசெட், கோடிங், ப்ரோக்ராமிங், க்ளோனிங் எல்லாம் ஒன்றா?

ரீசெட் என்பது கோடுகளையும் கற்றுக்கொண்ட அளவுகளையும் அழிப்பது. சாஃப்ட்வேர் மாறாது. அடாப்டேஷன் என்பது த்ராட்டில், கிளட்ச் போன்றவற்றின் எல்லைகளைப் பெட்டிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது. கோடிங் என்பது ஏற்கெனவே உள்ள சாஃப்ட்வேரிடம் “இந்த வண்டியில் இன்ன வசதிகள் உள்ளன” என்று சொல்வது. ப்ரோக்ராமிங் அல்லது ஃப்ளாஷ் என்பது சாஃப்ட்வேரையே எழுதுவது. ரீமேப்பில் எழுதப்படுவது திருத்திய ஃபைல். க்ளோனிங்கில் பழைய பெட்டியின் ஃப்ளாஷ், ஈப்ராம் என்ற இரண்டு நினைவகங்களையும் அப்படியே அதே ஹார்டுவேர் எண் உள்ள இன்னொன்றுக்கு நகல் எடுக்கிறார்கள். சேசிஸ் எண்ணும், சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாமல் தடுக்கும் இம்மொபிலைசரின் தகவலும் கூடவே போய்விடும்.

ஃப்ளாஷ் செய்யும்போது பெட்டிகள் சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் நிலையில்லாத வோல்டேஜ். நிலையான வோல்ட் தரும் பவர் சப்ளையை பேட்டரியில் மாட்டியே செய்யுங்கள். சாதாரண சார்ஜரில் வோல்ட் ஏறி இறங்கும், அது உதவாது. ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாம் ஆஃப். பாதியில் நின்றால் இக்னிஷனை ஆஃப் செய்யாமல், கருவி சொல்லும் மீட்பு வழியை முதலில் முயலுங்கள்.

வேறு வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின் பெட்டியை மாட்டினேன். ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கிறது. ஏன்?

இம்மொபிலைசர். பெயர் குழப்பம் இங்கேயும் உண்டு, ஏனென்றால் “இம்மொபிலைசர் மாட்யூல்” என்று தனிப் பெட்டி எல்லா வண்டியிலும் இல்லை. சில ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் அது மீட்டருக்குள், பிஎம்டபிள்யூவில் பல தலைமுறைகளில் சாவியைச் சரிபார்க்கும் சிஏஎஸ் பெட்டிக்குள், வேறு சிலவற்றில் பாடி மாட்யூலுக்குள். சாவி, அந்தப் பெட்டி, இன்ஜின் பெட்டி மூன்றும் ஒரே ரகசியத்தைப் பகிர்ந்திருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் பொருத்த வேண்டும். அல்லது மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுக்க வேண்டும்.

பழைய ஏர்பேக் மாட்யூலை மட்டும் இப்படி மாட்ட வேண்டாம். விபத்துத் தகவல் பதிந்த பெட்டி, வேறு சீட், வேறு எண்ணிக்கை ஏர்பேக் உள்ள வண்டிக்கான பெட்டி ஆகியவை உயிர் விஷயம். மஞ்சள் கனெக்டரைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். கழற்றிய பிறகும் பெட்டிக்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கியர்பாக்ஸ் மாட்யூல் எங்கே என்று தேடியும் கிடைக்கவில்லையே?

கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கலாம். மெக்கட்ரானிக் என்று வருவது, வால்வு பாடி, சோலினாய்டு, சென்சார், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் சேர்ந்த ஒரே தொகுதி. அங்கே “டிசிஎம் மட்டும்” தனியாக விற்கப்படாமல் போகலாம், மாற்றினால் ஆயில், கிளட்ச் அடாப்டேஷன் வேலையும் கூட வரும். மதிப்பீடு கேட்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எலக்ட்ரிக் வண்டியில் எம்சியூ, விசியூ, பிஎம்எஸ் என்று வருகிறதே?

விசியூ வண்டி முழுவதையும் ஒருங்கிணைக்கும் பெட்டி. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் பெட்டி செய்த பெடல், டார்க் (சுழல் விசை) கணக்கு இங்கே. எம்சியூ என்பதற்கு இரண்டு பொருள்: வண்டி ஆவணத்தில் மோட்டார் கன்ட்ரோல் யூனிட், சர்க்யூட் படத்தில் மைக்ரோகன்ட்ரோலர் சிப். பின்னது எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் இருக்கும். பிஎம்எஸ் உயர்மின்னழுத்த பேட்டரியின் செல்களைக் கண்காணிப்பது. 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டியிருக்கும் சிறிய பேட்டரி சென்சார் அது அல்ல. ஆரஞ்சு நிற வயர் போகும் எந்தப் பெட்டியையும், பயிற்சி பெற்றவர் உயர்மின்னழுத்தத்தைத் துண்டித்து அளந்து பார்க்கும்வரை திறக்கக் கூடாது.